நினைவுக் கடனும் நீதிக் கடனும்: மும்பை இரயில் குண்டுவெடிப்பு நினைவு நாளை முன்வைத்து ஓர் அறவியல் நோக்கு

முன்னுரை

2006ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 11ஆம் நாள் மாலை, மும்பையின் மேற்கு இரயில் தடத்தில் வீடு திரும்புவோரைச் சுமந்து சென்ற புறநகர் வண்டிகளின் முதல் வகுப்புப் பெட்டிகளில், ஏறத்தாழ 11 நிமிட நேரத்திற்குள் 7 குண்டுகள் வெடித்தன. 180க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 800க்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். குண்டுகள் வெடித்த இடங்களுள் மாட்டுங்கா சாலை, மாகிம் ஆகிய இரண்டும், தமிழர் செறிந்து வாழும் தாராவிப் பகுதியின் மேற்கு எல்லையை ஒட்டியவை ஆகும்.

ஆண்டுதோறும் ஜூலை 11 அன்று இறந்தோரின் உறவினரும் உயிர் தப்பியோரும் மாகிம் நிலையத்திலுள்ள நினைவுக் கல்லின் முன் கூடி அஞ்சலி செலுத்துகின்றனர். எளிய நிகழ்ச்சியே எனினும் அது கடினமான அறவியல் வினா ஒன்றைத் தன்னுள் கொண்டுள்ளது. பொதுவிடத்தில், ஒரு நகரம், தான் முகமறியாத மாந்தரை ஏன் நினைவுகூர வேண்டும்? அந்நினைவு இறந்தோர்க்காகவா, கொன்றோர்க்கு எதிராகவா? கொன்றோர் எவர் என்பதே ஐயத்திற்குரியதாகும்போது அந்நினைவின் நிலை யாது? இவ்வினாக்களைத் தமிழ் இலக்கிய மரபின் துணைகொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இல்லத்தின் கடனும் நகரத்தின் கடனும்

இல்வாழ்வான் போற்றவேண்டிய ஐவகைக் கடமைகளுள் தென்புலத்தாரை வள்ளுவர் முதலில் வைக்கிறார். இறந்தோர்க்குச் செய்வது இருப்போரின் விருப்பத்தைப் பொறுத்த சிறப்பு அன்று, செய்தே தீரவேண்டிய கடன் என்பது இதனால் பெறப்படும். அக்கடனைச் செய்வோர் இறந்தோரின் வழிவந்தோர். செய்யும் இடம் இல்லம். செய்யும் நாள் அவரவர் சமய வழக்கின்படி அமைவது. 2006இல் உயிரிழந்த ஒருவருக்கு அவருடைய இல்லத்தார் திதி கொடுப்பது சந்திரமானக் கணக்கின்படி ஆண்டுதோறும் மாறிவரும் நாளிலாகும். மாகிம் நிலையத்தில் கூடுவதோ ஜூலை 11 என்னும் மாறாத நாளில். ஒரே இறப்பிற்கு இரண்டு நாள்கள் அமைவதன் பொருள் யாதெனில், அவ்விறப்பிற்கு இரண்டு கடனாளிகள் உள்ளனர் என்பதே. இல்லம் ஒன்று, நகரம் மற்றொன்று.

நகரம் எவ்வாறு கடனாளி ஆகிறது? அப்பெட்டிகளில் இருந்தோர் தமக்கெனப் பகை எதனையும் தேடிக்கொண்டவர் அல்லர். மராத்தியர், குசராத்தியர், தமிழர், வடபுலத்தார் எனவும், இந்து, முசுலீம், கிறித்தவர் எனவும் பிரித்தறிய இயலாதவாறு நெருங்கி நின்ற பயணிகள் அவர்கள். அவர்கள் தாக்கப்பட்டது அவர்கள் இன்னார் என்பதால் அன்று. இந்நகரத்தில், அந்நேரத்தில், அவ்விடத்தில் இருந்தமையால். நகரத்தைத் தாக்க எண்ணியோர் நகரத்திற்குப் பதிலாக அவர்களைக் கொன்றனர். நம் அனைவர்க்கும் குறிவைத்த அடியைச் சிலர் ஏற்றனர் எனின், எஞ்சியோர் அச்சிலர்க்குக் கடன்பட்டவராதல் இயல்பேயாகும்.

இசுரேலிய மெய்யியலாளர் அவிஷாய் மார்கலித் தம் 'நினைவின் அறவியல்' (2002) என்னும் நூலில், குடும்பம், நட்பு போன்ற நெருங்கிய உறவுகளையும், மனிதர் என்ற அளவில் மட்டும் அமையும் மெல்லிய உறவுகளையும் வேறுபடுத்தி, நினைவுகூரும் கடமை முதன்மையாக நெருங்கிய உறவுகளுக்கே உரியது என்பார். மும்பைப் புறநகர் இரயில் பயணம் இப்பகுப்பிற்குள் எளிதில் அடங்குவதாகத் தோன்றவில்லை. நாள்தோறும் ஒரே வண்டியில், ஒரே பெட்டியில் செல்வோர் ஒருவர் பெயரை ஒருவர் அறியாதிருக்கலாம். ஆயினும் ஒருநாள் வாராதவரின் இடம் வெற்றிடமாகத் தெரியும். இது உறவும் அன்று, அயன்மையும் அன்று. பெருநகர வாழ்வு உருவாக்கிய இவ்விடைநிலை உறவே பொது நினைவேந்தலுக்குரிய அடித்தளம் எனலாம்.

நடுகல்லும் நினைவுக் கல்லும்

இறந்தோர்க்குக் கல் நடும் வழக்கம் தமிழர்க்குப் புதிதன்று. கல்லைத் தேர்ந்து காண்பது தொடங்கி வாழ்த்துவது ஈறாக நடுகல் வழிபாட்டின் படிநிலைகளைத் தொல்காப்பியம் புறத்திணையியலில் வகைப்படுத்திக் கூறுகிறது. ஆநிரை மீட்கும் பூசலில் பட்ட வீரனுக்கு அவன் பெயரையும் செயலையும் பொறித்துக் கல் நட்டனர். தமிழகத்தின் பல மாவட்டங்களில், குறிப்பாகத் தருமபுரி, திருவண்ணாமலைப் பகுதிகளில், அத்தகைய கற்கள் மிகுதியாகக் கிடைத்துள்ளன.

எனினும் நடுகல் வீரனுக்கும் இரயில் பயணிக்கும் அடிப்படை வேறுபாடு ஒன்று உண்டு. வீரன் தன் சாவைத் தேர்ந்தவன். பயணியோ தேர்ந்தவர் அல்லர். வீரனின் கல்லில் அவனது செயலை எழுதலாம்; பயணியின் கல்லில் எழுதுவதற்கு அத்தகைய செயல் ஏதுமில்லை. அவர் பணி முடித்து வீட்டிற்குப் போய்க்கொண்டிருந்தார் என்பதே செய்தி.

இவ்வேறுபாட்டை மறைப்பதற்காகவே போலும், பயங்கரவாதத்தில் இறந்த பொதுமக்களையும் 'தியாகிகள்' எனக் கூறும் வழக்கு மேடைகளில் காணப்படுகிறது. இது மதிப்பளிப்பதுபோல் தோன்றினும் உண்மையில் ஒரு பறிப்பேயாகும். தாம் கொடுக்காத ஒன்றைக் கொடுத்ததாகக் கூறுவது, அது அவர்களிடமிருந்து பறிக்கப்பட்டது என்ற உண்மையை மறைத்துவிடும். 2008 நவம்பர் 26 அன்று தொடங்கிய தாக்குதலில் 166 பேர் உயிரிழந்தனர். அவர்களுள், துப்பாக்கி ஏந்தியவனைத் தடியுடன் எதிர்கொண்டு பிடித்து உயிர்நீத்த காவலர் துக்காராம் ஓம்பளே நடுகல் மரபிற்கு உரியவர். 2009இல் அவருக்கு அசோகச் சக்கர விருது வழங்கப்பட்டது முற்றிலும் தகும். சத்திரபதி சிவாசி இரயில் முனையத்தில் ஊருக்குச் செல்லும் வண்டிக்காக மூட்டைகளுடன் காத்திருந்து மாண்டோரோ வேறொரு மரபை வேண்டி நிற்கின்றனர். ஆண்டுதோறும் நடைபெறும் அரசு விழா இயல்பாகவே முன்னவரை மையமாகக் கொள்கிறது. பின்னவர்க்கு உரிய சொல்லை நாம் இன்னும் தேடவேண்டியவராகவே உள்ளோம். 'கொல்லப்பட்டோர்' என்னும் எளிய சொல்லே இப்போதைக்கு உண்மைக்கு நெருக்கமானது.

சிலப்பதிகாரம் காட்டும் இரு பிறழ்ச்சிகள்

அநீதியாகக் கொல்லப்பட்ட ஒருவனை முன்னிட்டுக் கல் நடப்பட்ட வரலாற்றைத் தமிழில் விரிவாகப் பேசும் பெருநூல் சிலப்பதிகாரம். அதன் வஞ்சிக் காண்டக் காதைகளுள் பல, நடுகல் படிநிலைகளின் பெயர்களையே தாங்கியுள்ளன. அக்காண்டத்தை நினைவேந்தலின் அறவியல் பற்றிய நூலாகவும் படிக்க இயலும். அவ்வாறு படிக்குங்கால் நினைவு நெறிபிறழும் இரண்டு வழிகளை அது மறைக்காமல் காட்டுவதைக் காணலாம்.

ஒன்று, பழி. கோவலன் கொலைக்குக் காரணமானவன் பொற்கொல்லன் ஒருவன். உசாவாமல் ஆணையிட்டவன் பாண்டியன். பாண்டியன் தன் பிழை உணர்ந்த அக்கணமே உயிர்விட்டான். ஆயின் அதன்பின் கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன், கண்ணகியை அமைதிப்படுத்த ஆயிரம் பொற்கொல்லரைப் பலியிட்டான் என்று உரைபெறு கட்டுரை கூறுகிறது. ஒருவன் செய்த குற்றத்திற்கு அவன் தொழிற்குலத்தார் ஆயிரவர் இறந்தனர். அவ்வாயிரவர்க்குக் கல் நட்டதாகச் செய்தி இல்லை.

மற்றொன்று, பெருமிதம். பத்தினிக்குக் கல் எடுக்க இமயம் செல்லும் செங்குட்டுவனின் பயணம், தமிழரை இகழ்ந்த வடபுல மன்னரை வெல்லும் படையெடுப்பாக மாறுகிறது. கனகனும் விசயனும் தம் தலையில் கல்லைச் சுமந்துவருகின்றனர். மதுரையில் கணவனை இழந்து அரற்றிய பெண்ணின் துயரம், சேர அரசின் வெற்றிச் சின்னமாகிறது.

பழியும் பெருமிதமும் இன்றைய நினைவு நாள்களுக்கும் அயலானவை அல்ல. குண்டு வெடித்த நகரங்களில், குற்றவாளி எவன் என உசாவுவதற்கு முன்பே ஒரு சமயத்தார் முழுவதும் ஐயத்திற்கு ஆளாவதை நாம் கண்டுள்ளோம். மும்பைத் தமிழர்க்கு இதனை நெடிது விளக்கவேண்டுவதில்லை. 1966இல் தோன்றிய சிவசேனை தன் தொடக்க ஆண்டுகளில் தென்னிந்தியர்க்கு எதிராக நடத்திய கிளர்ச்சியில், ஒரு மொழி பேசுவதே குற்றமாக எண்ணப்பட்டதை மாட்டுங்காவும் தாராவியும் அறியும். 1991 மே 21 அன்று திருப்பெரும்புதூரில் ராசீவ் காந்தி கொல்லப்பட்ட பின்னர், அக்கொலையோடு எத்தொடர்பும் இல்லாத ஈழத்தமிழ் ஏதிலியர் தமிழகத்தில் ஐயக்கண்ணோடு நோக்கப்பட்டனர். ஆயிரம் பொற்கொல்லர் என்பது பழங்கதை மட்டுமன்று.

நாளுக்கு இடும் பெயரிலும் இப்பிறழ்ச்சிகள் ஒளிந்திருத்தல் கூடும். மே 21 இந்தியாவில் 'பயங்கரவாத எதிர்ப்பு நாள்' எனக் கடைப்பிடிக்கப்பட்டு அலுவலகங்களில் உறுதிமொழி ஏற்கப்படுகிறது. அன்று ராசீவ் காந்தியுடன் உயிரிழந்த காவலரும் கட்சித் தொண்டரும் பிறரும் அவ்வுறுதிமொழியில் தனியே இடம்பெறுவதில்லை. எதனை எதிர்க்கிறோம் என்பதை அப்பெயர் கூறுகிறது. யாரை இழந்தோம் என்பதைக் கூறவில்லை. ஐக்கிய நாடுகள் அவை 2017இல் நிறைவேற்றிய தீர்மானத்தின் வழி ஆகத்து 21ஐப் பயங்கரவாதத்தால் பாதிக்கப்பட்டோரை நினைவுகூரும் நாளாக அறிவித்தது. பெயர் அளவிலேனும் அது பாதிக்கப்பட்டோரை முன்னிறுத்துவது கருதத்தக்கது.

2025ஆம் ஆண்டுத் தீர்ப்பு எழுப்பும் வினா

2006 குண்டுவெடிப்பு வழக்கில் சிறப்பு நீதிமன்றம் 2015இல் 12 பேரைக் குற்றவாளிகள் எனத் தீர்மானித்து, ஐவர்க்கு மரண தண்டனையும் எழுவர்க்கு வாழ்நாள் சிறையும் விதித்தது; ஒருவர் விடுவிக்கப்பட்டார். தண்டனை பெற்றோருள் ஒருவர் 2021இல் சிறையிருந்த காலத்திலேயே இறந்தார். 2025 ஜூலை 21 அன்று மும்பை உயர் நீதிமன்றம், குற்றத்தை மெய்ப்பிக்க அரசுத் தரப்பு முற்றிலும் தவறியது எனக் கூறி 12 பேரையும் விடுவித்தது. ஒப்புதல் வாக்குமூலங்களும் அடையாள அணிவகுப்பும் சாட்சியங்களும் நம்பத்தக்கன அல்ல என்பது அதன் முடிவு. அரசு மேல்முறையீடு செய்தது. ஜூலை 24 அன்று உச்ச நீதிமன்றம், அத்தீர்ப்பைப் பிற வழக்குகளில் முன்மாதிரியாகக் கொள்ளலாகாது எனத் தடை விதித்து, விடுதலையானோர் மீண்டும் சிறை செல்லவேண்டியதில்லை எனவும் கூறியது.

இறந்தோரின் உறவினர்க்கு அத்தீர்ப்பு இரண்டாம் இழப்பாக அமைந்தது. 'அங்ஙனமாயின் எம்மவரைக் கொன்றோர் யார்?' என்னும் அவர்தம் வினா எவராலும் புறந்தள்ள இயலாதது. 19 ஆண்டுகள் அவர்கள் ஒரு விடையுடன் வாழ்ந்தனர், அவ்விடை பறிக்கப்பட்டது. மறுபுறம், மெய்ப்பிக்கப்படாத குற்றத்திற்காக 12 பேரும் நெடுங்காலம் சிறையிலிருந்தனர். அவர்கள் குற்றமற்றோர் எனில், அந்த ஜூலை 11 அவர்தம் வாழ்வையும் சிதைத்த நாளேயாகும். உசாவாது ஆணையிட்ட பாண்டியனின் தவறு, ஒரு கொலைக்கு நீதி தேடுங்கால் இன்னோர் அநீதி பிறக்கக்கூடும் என்பதைத் தமிழர்க்கு முன்பே உணர்த்தியுள்ளது.

இவ்விடத்தில்தான் நினைவு நாளின் தன்மை தெளிவுறுகிறது. அந்நாள் கொன்றோர்க்கு எதிரான நாள் எனில், கொன்றோர் யார் என அறியாத நிலையில் அது பொருளிழக்கும். அல்லது பொருளிழவாமல் இருக்க ஏதேனும் ஒரு பெயரை நாடும். அப்பெயர் தனிமனிதர் பெயராக அமையாதவிடத்து ஒரு சமூகத்தின் பெயராக அமைந்துவிடும். அந்நாள் இறந்தோர்க்குரியது எனில், எத்தீர்ப்பும் அதனை அசைக்க இயலாது. இறந்தோர் இறந்தது ஐயத்திற்கு அப்பாற்பட்டது.

எனவே இரு கடன்களைப் பிரித்தறிதல் இன்றியமையாததாகிறது. நினைவுக் கடன் இறந்தோர்க்கு உரியது; அதனைச் செலுத்துவோர் நகரமாந்தர் அனைவரும். நீதிக் கடன் இறந்தோர்க்கும் இருப்போர்க்கும், குற்றஞ்சாட்டப்பட்டோர்க்குங்கூட உரியது. அதனைச் செலுத்தவேண்டியது அரசு. ஒரு கடனுக்குரிய பொருளைக் கொண்டு மற்றொன்றைத் தீர்க்கலாகாது. மலர்வளையம் வைத்தமையால் புலனாய்வின் குறை நிறைவுறாது. எவரையேனும் தூக்கிலிட்டமையால் இறந்தோரை நினைக்கும் கடமை முடிவுறாது.

கனடா தரும் ஒப்புமை

இப்பிரிவினை கோட்பாட்டளவில் நில்லாமல் நடைமுறையிலும் இயலும் என்பதற்குக் கனடா நாடு சான்றாகிறது. 1985 சூன் 23 அன்று ஏர் இந்தியா 182 வானூர்தி அயர்லாந்துக் கடற்பகுதியில் குண்டு வெடித்துச் சிதறியதில் 329 பேர் இறந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் இந்திய வழிவந்த கனடியர். நெடுங்காலம் கனடிய அரசும் மக்களும் அதனைத் தம் துயரமாகக் கருதாது வேற்று நாட்டின் துயரமாகவே கருதினர். 2005 மார்ச்சில் அவ்வழக்கின் முதன்மைக் குற்றஞ்சாட்டப்பட்டோர் இருவர் விடுவிக்கப்பட்டனர். அதே ஆண்டில்தான் சூன் 23ஐப் பயங்கரவாதத்தால் பாதிக்கப்பட்டோர்க்கான தேசிய நினைவு நாளாகக் கனடா அறிவித்தது. நீதி கைகூடாத ஆண்டில் நினைவு ஏற்கப்பட்டது. அதனோடு நில்லாமல், நீதி ஏன் தவறியது என ஆராய ஆணையம் அமைக்கப்பட்டு, 2010இல் அதன் அறிக்கை வெளிவந்ததும் அந்நாட்டுப் பிரதமர் குடும்பத்தாரிடம் மன்னிப்புக் கோரினார். நினைவு நாள் நீதிக்குப் பதிலாக அமையாமல், நீதியை வற்புறுத்தும் இடமாக அமைந்தமை ஈண்டுக் குறிக்கத்தக்கது.

மறத்தல் அறம் ஆகாதா?

தீமை செய்தாரின் தீமையை அன்றே மறப்பது நன்று என்பது வள்ளுவர் வாக்கின் கருத்து. அங்ஙனமாயின் ஆண்டுதோறும் நினைப்பது அறத்திற்கு மாறாகாதா என்னும் தடை எழலாம்.

இதற்கு இரண்டு விடைகள் கூறலாம். முதலாவதாக, அவ்வறிவுரை தீமைக்கு ஆளானவனை நோக்கியது. தனக்குச் செய்யப்பட்டதை மறக்கும் உரிமை அவனுக்கு உண்டு. பிறர்க்குச் செய்யப்பட்டதை அவர் சார்பில் மறக்கும் உரிமை எவர்க்கும் இல்லை. குண்டு வெடித்த மறுநாளே வண்டிகள் ஓடியதையும் மக்கள் பணிக்குச் சென்றதையும் 'மும்பையின் உள்ளுரம்' எனப் பலர் புகழ்ந்தனர். அன்றாடக் கூலியை நம்பி வாழ்வோர்க்குப் பணிக்குச் செல்லாதிருக்க வழியில்லை என்பதே அதன் பெரும்பகுதி உண்மை. வறுமையின் நெருக்கடியை மறதியாகிய அறம் எனக் கொள்வது பிழையாகும். இரண்டாவதாக, மறக்கத்தக்கது தீமை. நன்றியோ எந்நாளும் மறக்கத்தகாதது. இறந்தோரை நினைப்பது தீமையை நினைப்பதாகாது. சிதறிய பெட்டிகளிலிருந்து அடிபட்டோரைக் கைகளில் தூக்கிச் சென்றோர், தடத்தை ஒட்டிய குடியிருப்புகளில் வாழ்ந்த எளிய மக்கள். அவர்கள் எவர் மதத்தையும் வினவினாரில்லை. ஜூலை 11 அவர்களையும் நினைக்கும் நாள் ஆதல் வேண்டும்.

நினைவின் தொடக்கம் எந்நாள்?

ஒரு நாளைத் தேர்வது பிற நாள்களை விடுவதுமாகும். 1993 மார்ச் 12 அன்று மும்பையில் நிகழ்ந்த தொடர் குண்டுவெடிப்பில் 257 பேர் இறந்தனர். அதற்கு முன் 1992 திசம்பரிலும் 1993 சனவரியிலும் நடந்த கலவரங்களில் ஏறத்தாழ 900 பேர் இறந்ததை நீதிபதி சிறீகிருட்டிணா ஆணையம் பதிவு செய்தது. கோவையில் 1998 பிப்ரவரி 14 குண்டுவெடிப்பில் 58 பேர் இறந்தனர். அதற்கு முன் 1997 நவம்பரில் காவலர் ஒருவர் கொல்லப்பட, அதனையடுத்த கலவரத்திலும் துப்பாக்கிச் சூட்டிலும் முசுலீம்கள் 18 பேர் இறந்தனர். இரு நகரங்களிலும் குண்டுவெடிப்பிற்கு நினைவு நாள் உண்டு. கலவரத்திற்கு அத்தகைய பொது நாள் இல்லை.

முன்னதைக் கூறுவது பின்னதை நியாயப்படுத்துவதாகாது. எக்கலவரமும் எக்குண்டையும் நியாயப்படுத்தாது. ஆயினும் ஒருசாரார் இறப்பை மட்டும் நாட்காட்டியில் குறிக்கும் நகரம், மறுசாரார்க்கு அவர்தம் இறந்தோர் கணக்கில் வாரார் என உணர்த்திவிடுகிறது. பல்கேரியாவில் பிறந்த அறிஞர் சுவெட்டான் டோடோரோவ், தன் துயரத்திற்குள்ளேயே அடங்கிவிடும் நினைவிற்கும், தன் துயரத்தின் வழி பிறர் துயரத்தை அறியும் நினைவிற்கும் வேறுபாடு காட்டுவார். பின்னதற்குத் தாராவியே சான்றாகிறது. கலவரத்திற்குப் பின் அங்கு அமைதிக்குழுப் பணியில் ஈடுபட்ட பாவ் கோர்டே, வக்கார் கான் என்னும் இந்து, முசுலீம் நண்பர் இருவரின் முயற்சிகளை, செம்பூரை அடுத்த தேவ்னாரில் உள்ள டாடா சமூக அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த அஞ்சலி மொன்டேரோ, கே.பி.ஜெயசங்கர் ஆகியோர் 2003இல் 'நாத்தா' என்னும் ஆவணப்படமாக்கினர். நினைவு கல்லில் மட்டுமன்றித் தெருவில் நாள்தோறும் செய்யும் பணியிலும் வாழ இயலும் என்பதை அது காட்டுகிறது.

முடிவுரை

பயங்கரவாதத்தில் கொல்லப்பட்டோரை ஆண்டுதோறும் நினைப்பது நகரத்தின் கடன். அக்கடன் குற்றவாளியை அறிவதைச் சார்ந்ததன்று. ஆதலின் ஒரு வழக்கு சரிந்தமையால் அது சரிவதில்லை. அந்நினைவு நேர்மையுடையதாக அமைய மூன்று கூறுகள் வேண்டும். இறந்தோர் அனைவர் பெயரும் வேறுபாடின்றி அறியப்படல் வேண்டும்; காயமுற்றோர் எஞ்சிய வாழ்நாளில் பெறும் மருத்துவமும் வாழ்வாதாரமும் அந்நாளில் கணக்கெடுக்கப்படல் வேண்டும்; நீதி எந்நிலையில் உள்ளது என்பது ஒளிவின்றிக் கூறப்படல் வேண்டும். நீதியின் கணக்கை மூடவிடாமல் காப்பது நினைவின் பணி. அக்கணக்கில் தானே ஒரு பெயரை எழுதிவிடுவது அதன் பணியன்று.

வஞ்சிக் காண்டத்தின் இறுதிப் பகுதி இங்கு நினையத்தக்கது. மாடலனின் அறவுரை கேட்ட செங்குட்டுவன் போர்ச்சினம் தணிந்து, சிறைப்பட்ட மன்னரை விடுவிக்கிறான். பின்னர்ப் பத்தினிக் கோட்டத்தில் வழிபட நிற்போர் வரிசையில் சிறை நீங்கிய அம்மன்னரும் இடம்பெறுகின்றனர். வென்றோரும் தோற்றோரும், கட்டுண்டோரும் விடுபட்டோரும் ஒரே கல்லின் முன் நிற்க இயன்றது, அக்கல் அதன்பின் எவர்க்கும் எதிராக நில்லாமையால் ஆகும். மாகிம் நிலையத்தின் கல்லும் அத்தகையதாகவே நிற்றல் வேண்டும்.